வகுப்பறைக்குள் ஒரு மண்பானை: கேள்வி - பதில்

6, 7, 8ஆம் வகுப்புகளின் சமூக அறிவியல் பற்றிய கேள்விகள் மட்டும் இந்த முறை.

தஞ்சைப் பெரிய கோயிலைச் செய்துவரச் சொன்னேன். வகுப்பில் 38 பேர். 30 பேர் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி தெர்மகோல் கோயிலோடு வந்து நிற்கிறார்கள். பிள்ளைகளைத் திட்டுவதா, பெற்றோரையா?
— ஓர் ஆசிரியை, மன்னார்குடி

இருவரையும் விட்டுவிடுங்கள், கேள்வியை மாற்றுங்கள். 'கோயிலைச் செய்' என்றால் கடைக்காரர் செய்து கொடுத்துவிடுவார். 'கோயில் சுவரில் எழுதியிருப்பது போல உன் தெருவை எழுதிக்கொண்டு வா' என்றால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

1010இல் முடிந்த அந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் ராஜராஜன் ஓர் ஊழியர் பதிவேட்டையே வெட்டிவைத்திருக்கிறான். 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் ஆடற்பெண்கள். ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். கணக்கர், குயவர், நாவிதர், தையல்காரர் என்று மற்ற வேலைக்காரர்களும் உண்டு. தெருவின் ஒரு வரிசையைச் 'சிறகு' என்கிறது கல்வெட்டு. தென்சிறகு, வடசிறகு. வரிசையின் முதல் வீடு தலைவீடு. எவ்வளவு அழகான சொற்கள், பாருங்கள்!

பிள்ளைகள் தங்கள் தெருவை இதே முறையில் எழுதட்டும். பெயர் வேண்டாம், தொழில் போதும். தலைவீட்டில் தையல் மெஷின், இரண்டாம் வீட்டில் நடவு வேலை, மூன்றாம் வீட்டுக்காரர் துபாயில். 38 பட்டியலையும் ஒரே தாளில் சேர்த்தால் உங்கள் ஊரின் இன்றைய பொருளாதாரம் கையில் இருக்கும். 'சோழர் கல்வெட்டில் கூலியாக நெல், எங்கள் தெருவில் பணம், ஏன் டீச்சர்?' என்று ஒருத்தி கேட்பாள். அன்றைக்குப் பாடம் தானாகவே நடக்கும்.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை. இதில் ப்ராஜெக்ட்டுக்கு எங்கே போவது? 40 நிமிட வகுப்பு, 45 பிள்ளைகள், கையில் காசும் இல்லை.
— ஆசிரியர், செய்யாறு

பாடம் தனி, ப்ராஜெக்ட் தனி என்று வைத்தால் நேரம் போதவே போதாது. பாடத்தையே ப்ராஜெக்ட்டாக நடத்துங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே உத்திரமேரூர் இருக்கிறது. தேவைப்படுவது ஒரு மண்பானை, 45 துண்டுக் காகிதம்.

அந்த ஊர்ச் சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்லும், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டின் விதிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்தவர் கூடாது. கணக்குக் காட்டாமல் போனவரும் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. 30 குடும்புகள், அதாவது 30 வார்டுகள். ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்துவைத்திருந்தால் தெரிந்துவிடும் அல்லவா! இந்த விதியைச் சொன்னதும் பிள்ளைகள் தங்கள் கைகளை விரித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு ஆண்டும் என் வகுப்பில் அது நடந்தது.

நாலு நாலு பேராக வகுப்பைக் குடும்புகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூரில் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. உங்கள் வகுப்பில் தண்ணீர் வாரியம், செடி வாரியம், கணக்கு வாரியம் போதும். குலுக்கி எடுத்து ஒரு மாதம் உண்மையாகவே வேலை செய்யட்டும்.

வயது விதியை 12, 13 என்று சுருக்கிக்கொள்ளலாம். நிலம், மனை, வேதம் ஆகிய மூன்றையும் மட்டும் முதல் சுற்றில் அப்படியே வையுங்கள். 'சொந்த மனை இல்லாதவர் உட்காருங்கள்' என்று நிஜமாகச் சொல்லிவிடாதீர்கள், யார் வீடு வாடகை வீடு என்று அம்பலமாகும். பாத்திரச் சீட்டு எழுதிக் கொடுங்கள்: 'நீ கால் வேலி நிலக்காரன்', 'நீ குத்தகை உழவன்', 'நீ குயவரின் மகள்'. சீட்டைப் பார்த்துப் பெண் பாத்திரங்கள் அத்தனையும், உழவர் பாத்திரங்கள் முக்கால்வாசியும் உட்கார்ந்த பிறகு நின்றுகொண்டிருப்பவர்களை எண்ணச் சொல்லுங்கள். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்கான ஊர். அந்தத் தேர்தல் எல்லோருக்குமான தேர்தல் அல்ல. நாம் பெருமைப்படுகிற கல்வெட்டுதான், பெருமைப்படத்தான் வேண்டும். யார் வெளியே நின்றார்கள் என்பதையும் பிள்ளைகள் தம் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிக்கொடுங்கள். 919இல் போட்ட விதிகளை 921இல் திருத்தினார்கள். உங்கள் வகுப்பு வாரியமும் ஒரு மாதம் கழித்துத் தன் விதிகளைத் திருத்தட்டும். அரசியலமைப்புத் திருத்தம் என்பதை விளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

எங்க குரூப்ல நான் மட்டும்தான் வேலை செய்றேன். மத்த அஞ்சு பேரும் சும்மா இருந்துட்டு அதே மார்க் வாங்குறாங்க. இது நியாயமா?
— 7ஆம் வகுப்பு மாணவி, ராசிபுரம்

இல்லை கண்ணு, நியாயமே இல்லை. இந்தப் பதிலை உங்கள் மிஸ்ஸிடம் காட்டு.

மிஸ், ஆறு பேர் கூடாது, நாலு பேர் போதும். ஒருவர் அளக்கட்டும், ஒருவர் கேட்கட்டும், ஒருவர் எழுதட்டும், ஒருவர் சரிபார்க்கட்டும். வாரம் ஒருமுறை வேலையை மாற்றிவிடுங்கள். கடைசியில் சபை முன்னால் யார் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். யார் பெயர் வரும் என்று தெரியாதபோது நாலு பேரும் படித்துவிட்டு வருவார்கள்.

நிலவரைபடப் பாடம் பிள்ளைகளுக்குக் கசக்கிறது. அளவை, திசை என்றதுமே கொட்டாவி.
— ஆசிரியர், தாம்பரம்

தாம்பரத்தில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி! பக்கத்துப் பரங்கிமலையில்தானே இந்தியாவை அளக்கும் வேலையே தொடங்கியது. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அங்கே தன் அளவைக்கான அடிப்படைக் கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடிச் சங்கிலி ஒன்றை 400 முறை நீட்டி, ஏறத்தாழ ஏழரை மைல். அதற்கு 57 நாள் ஆனது. வெயிலில் சங்கிலி நீண்டுவிடும் என்பதால் வெப்பத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

பத்து மீட்டர் கயிறு மூன்று வாங்குங்கள். மூன்று குழுக்கள் பள்ளி மைதானத்தின் ஒரே பக்கத்தைத் தனித்தனியாக அளக்கட்டும். மூன்று விடை வரும். யார் கயிறு தொய்ந்தது, யார் கோணலாக நடந்தார், யார் எண்ண மறந்தார் என்று அவர்கள் சண்டை போடட்டும், குறுக்கே போகாதீர்கள். அளவை என்ன என்பது அந்தச் சண்டையில் பிடிபடும். பிறகு ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து மீட்டர் என்று வைத்து வரையச் சொல்லுங்கள்.

சோர்ந்து உட்காரும் குழுவுக்கு ஒரு கதை இருக்கிறது. 1808இல் லாம்டன் அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றினார். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தட்டி நிமிர்த்தி, மறுபடியும் அளக்கப் போனார்.

இந்த ப்ராஜெக்ட் முறையெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்ததுதானே?
— வாசகர், கோவை

அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918இல் 'செயல்திட்ட முறை' என்று கட்டுரை எழுதினார், உண்மை. 1937இல் வார்தாவில் காந்தி கைத்தொழிலை நடுவில் வைத்துக் கல்வித் திட்டம் சொன்னார். 1980களில் மத்தியப் பிரதேச அரசு நடுநிலைப் பள்ளிகளுக்காக ஏகலைவா அமைப்பு சமூக அறிவியல் நூல்களை எழுதி, புத்தகத்தைத் திறந்துவைத்தே தேர்வெழுதவும் விட்டது. எங்கிருந்து வந்தது என்பதைவிட நம் பிள்ளைக்கு ஆகுமா என்பதே எனக்குக் கேள்வி. ஆகிறது.

கீழடியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பிள்ளைகள் பள்ளி மைதானத்தைத் தோண்டலாம் என்கிறார்கள். தோண்டலாமா?
— தலைமையாசிரியை, திருப்புவனம்

கூடாது. அகழாய்வு என்பது மண்ணைக் குலைக்கும் வேலை. ஒருமுறை தோண்டிவிட்டால் அந்த அடுக்கு திரும்ப வராது. தவிர, 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்தச் சட்டத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மழைக்குப் பின் வயலில் பானை ஓடு தென்பட்டால் கிடந்த இடத்தைக் குறித்துப் படமெடுத்துப் பெரியவர்களிடம் சொல்வது அவர்கள் கடமை.

தோண்டும் ஆசையைக் குப்பைக்கூடையில் தீர்த்துக்கொள்ளலாம். ஒரு வாரம் கூடையைக் கொட்டாதீர்கள். அடுத்த திங்கட்கிழமை மேலிருந்து அடுக்கடுக்காக எடுக்கச் சொல்லுங்கள். மேலே வெள்ளிக்கிழமை மிட்டாய்த் தாள், நடுவே புதன்கிழமை பென்சில் சீவல், அடியில் திங்கட்கிழமைப் பழத்தோல். எந்த நாளில் யாருக்குப் பிறந்தநாள் என்று கூடையே சொல்லிவிடும்.

அதன் பிறகு கீழடிக் கணக்கைப் போடுங்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குப் பொதுக் காலத்துக்கு முன் 580 என்றும், 200 சென்டிமீட்டரில் கிடைத்ததற்குப் பொதுக் காலத்துக்கு முன் 205 என்றும் காலக்கணிப்பு வந்தது. இடையே 153 சென்டிமீட்டர் மண், 375 ஆண்டு வாழ்க்கை. ஒரு ஸ்கேலை வைத்து 153 சென்டிமீட்டரைச் சுவரில் குறியுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் தலை ஏறக்குறைய அங்கே வரும்.

தாத்தா பாட்டியைப் பேட்டி எடுக்கச் சொன்னால் எல்லோரும் 'அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது' என்று ஒரே வரியோடு வருகிறார்கள்.
— ஆசிரியை, ராமேஸ்வரம்

கேள்வி பெரிதாக இருந்தால் பதில் சின்னதாகத்தான் வரும். 'புயலைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்காமல், '1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயலன்று ராத்திரி உங்கள் கையில் என்ன இருந்தது?' என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் ரேஷன் அட்டை எப்போது வந்தது, எந்த ஆண்டு மின்விளக்கு எரிந்தது, பள்ளியில் மதியம் என்ன போட்டார்கள் என்று கேட்கலாம். இரண்டு வீட்டுப் பதில்கள் மாறுபட்டால் கொண்டாடுங்கள். சான்றுகளை ஒப்பிடுவது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் புரியும்.

ஊர் வரைபடம் போடச் சொன்னால் சாதி வந்துவிடுகிறது. அதனால் அந்த வேலையையே விட்டுவிட்டேன். சரிதானா?
— பெயர் வேண்டாம், தென்மாவட்டம்

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. வேலைக்கு வந்த புதிதில், எட்டாம் வகுப்பில் 'நம் ஊர்' என்று வரையச் சொன்னேன். ஒரு பையன் தேரடி, குளம், கடைத்தெரு எல்லாம் அழகாகப் போட்டிருந்தான். 'உன் வீடு எங்கேப்பா?' என்று கேட்டேன். 'அது ஊர்ல இல்ல சார், காலனி' என்றான். தாளில் அவன் வீட்டுக்கு இடமே இல்லை. எனக்குப் பேச்சு வரவில்லை. 'சரி, உட்கார்' என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன். இன்றும் அந்த 'உட்கார்' என்னைக் குத்துகிறது.

அதனால் சொல்கிறேன், விட்டுவிடாதீர்கள். முறையை மாற்றுங்கள். வீட்டையோ தெருப் பெயரையோ குறிக்க வேண்டாம், யாரையும் எழுப்பிக் கேட்கவும் வேண்டாம். வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரே பெரிய தாளில், பொதுச் சொத்துகளை மட்டும் வரையட்டும்: குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம், சுடுகாடு. தாளின் விளிம்பு ஊராட்சி எல்லையாக இருக்கட்டும், காலனி அதற்குள் வந்தே தீரும். குழாய் எங்கே முடிகிறது, விளக்கு எங்கே நிற்கிறது, சுடுகாடு ஏன் இரண்டு என்று பிள்ளைகளே பார்ப்பார்கள். அப்போது அரசியலமைப்பின் 15, 17ஆம் சட்டப்பிரிவுகளை எடுத்துப் படியுங்கள். தீண்டாமை ஒழிப்பைப் பற்றி அந்தப் பிள்ளைகளிடம் பேச அதைவிடப் பொருத்தமான நேரம் வாய்க்காது. மழுப்பாமல் பேசுங்கள். நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள்.

மதிப்பெண் எதற்குப் போடுவது?
— ஆசிரியர், அரியலூர்

நோட்டுக்கு. அடித்தல் திருத்தல், தவறிய அளவு, பாதியில் விட்ட யோசனை எல்லாம் இருக்கும் அழுக்கு நோட்டுக்கு. பளபளக்கும் சார்ட்டை யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம்.

மாணவர்களைக் கிராமசபைக்கு அழைத்துப் போகலாமா?
— தலைமையாசிரியர், பென்னாகரம்

கட்டாயம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு. வாக்காளர் இல்லை என்பதால் அவர்கள் கைதூக்க முடியாது. தலைவரிடம் முன்பே சொல்லிவிட்டால் உட்கார்ந்து கேட்கலாம்.

வெறுங்கையோடு போகாதீர்கள். ஒழுகும் தெருக்குழாய் ஒன்றின் கீழ் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து, நிரம்ப எத்தனை நிமிடம் என்று பார்க்கச் சொல்லுங்கள். நாலு நிமிடம் என்றால் மணிக்கு 15 லிட்டர், நாளுக்கு 360. ஊரில் அப்படி எத்தனை குழாய் என்று எண்ணி, மனுவாக எழுதி, உங்கள் கையெழுத்தோடு தலைவரிடம் கொடுங்கள். ஒரு நகல் வாங்கி வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்டு 'குழாய் சரியான தேதி' என்று எழுதிக் காலியாக விடுங்கள். தினமும் காலையில் பிள்ளைகள் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.