பதக்கம் யாருடையது? – கேள்வி-பதில்

செர்பிய, யூகோஸ்லாவிய ராணுவப் பதக்கங்களைப் பார்க்க ஆசை. எங்கே போகலாம்?
(வாசகர், மதுரை)

பெல்கிரேடுக்கு. சாவா நதி தன்யூபில் கலக்கும் மேட்டில் கலெமெக்தான் கோட்டை நிற்கிறது. ராணுவ அருங்காட்சியகம் அதற்குள்ளேதான். 1878-இல் இளவரசர் மிலான் ஒப்ரெனோவிச்சின் ஆணையால் பிறந்தது. கோட்டைச் சுவரை ஒட்டி வெளியிலேயே டாங்கிகளும் பீரங்கிகளும் வரிசையாக நிற்கும். குழந்தைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். நீங்கள் நகருங்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தொப்பியும் ரிப்பனும் அந்த டாங்கிகளைவிட அதிகம் பேசும்.

சில பதக்கங்களில் குறுக்காக இரண்டு வாள்கள் இருக்கின்றன, சிலவற்றில் இல்லை. அழகுக்கா?
(வாசகி, ஈரோடு)

அடையாளத்துக்கு. கராஜோர்ஜே நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1804-இல் துருக்கிய ஆட்சிக்கு எதிராக எழுந்த செர்பியர்களின் தலைவர் கராஜோர்ஜே. அந்த எழுச்சியின் நூற்றாண்டான 1904-இல் மன்னர் முதலாம் பீட்டர் இந்த விருதை நிறுவினார். தாத்தா பெயரில் பேரன் நிறுவிய விருது! வாள் இருந்தால் போர்க்களத்தில் பெற்றது. வாள் இல்லையென்றால் வேறு சேவைக்குப் பெற்றது. எனவே பதக்கத்தைப் பார்த்தால் முதலில் வாளைத் தேடுங்கள். பாதிக் கதை அங்கேயே கிடைத்துவிடும்.

பெண்கள் யாராவது அந்த வாளை வாங்கினார்களா?
(கல்லூரி மாணவி, திருச்சி)

வாங்கினார்கள், களத்தில் நின்று. 1912-இல் பால்கன் போருக்கு வரச்சொல்லி சகோதரனுக்கு அழைப்பு வந்தபோது, தலைமுடியை வெட்டிக்கொண்டு ஆண் உடையில் அவருக்குப் பதிலாகப் போனவர் மிலுங்கா சாவிச். 1913-இல் பிரேகல்னிட்சா சண்டையில் காயம்பட்டுச் சிகிச்சைக்குப் போனபோதுதான் அவர் பெண் என்பது தெரிந்தது. அதற்குப் பிறகும் படையை விட்டுப் போக மறுத்தார். முதல் உலகப் போரில் ‘இரும்புப் படை’ என்று பெயரெடுத்த இரண்டாம் காலாட்படைப் பிரிவில் போரிட்டார். வாளோடு கூடிய கராஜோர்ஜே நட்சத்திரம், பிரான்ஸின் லெஜியன் ஆஃப் ஹானர், ரஷ்யாவின் புனித ஜார்ஜ் சிலுவை என்று மூன்று நாடுகளின் மரியாதை அவர் மார்பில் ஏறியது.

போர் முடிந்தது. அத்தனை பதக்கம் வாங்கியவர் பெல்கிரேடில் ஒரு வங்கியில் துப்புரவுப் பணியாளராக வேலை பார்த்து, தத்தெடுத்த பிள்ளைகளையும் வளர்த்தார். 1973-இல் இறந்தார். நாட்டின் பெருமக்களுக்கான கல்லறை வரிசையில் அவருக்கு இடம் கிடைத்தது 2013-இல். பதக்கம் குத்துவது ஒரு நிமிட வேலை. குத்திய பிறகு அந்த மனுஷியைக் காப்பாற்றுவதுதான் தேசத்தின் வேலை.

இன்னொருவர் ஃப்ளோரா சாண்டஸ், இங்கிலாந்துக்காரர். 1914-இல் நர்ஸாக வந்து, அடுத்த ஆண்டு செர்பியப் படையில் சிப்பாயாகச் சேர்ந்து, 1916-இல் கையெறி குண்டில் படுகாயம் அடைந்து, கராஜோர்ஜே நட்சத்திரம் பெற்று, பின்னாளில் அதிகாரியாகவும் ஆனார்.

முதல் உலகப் போர் செர்பிய வீரரின் காட்சிப் பொம்மைக்குப் பிரெஞ்சு உடையும் பிரெஞ்சு ஹெல்மெட்டும் மாட்டியிருக்கும் படம் பார்த்தேன். பொம்மைக்கு உடை மாறிவிட்டதா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

சரியான உடைதான். 1915 இறுதியில் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, பல்கேரியா மூன்றும் சேர்ந்து தாக்கியதில் செர்பியா வீழ்ந்தது. ராணுவம் சரணடையவில்லை. கடுங்குளிரில் அல்பேனிய மலைகளைத் தாண்டிக் கடற்கரைக்கு நடந்தது. பசியிலும் பனியிலும் நோயிலும் வழியெல்லாம் மரணம். பிழைத்தவர்களை நேச நாடுகளின் கப்பல்கள் கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்குக் கொண்டு சேர்த்தன. உடுத்தியிருந்தது கந்தல். பிரான்ஸ் புதுச் சீருடையும் ஏட்ரியன் ஹெல்மெட்டும் கொடுத்தது. ஹெல்மெட்டின் நெற்றியை உற்றுப் பாருங்கள்: அங்கே இருப்பது செர்பியச் சின்னம். நாடே கையில் இல்லாத ராணுவம் தன் நாட்டை நெற்றியில் வைத்துக்கொண்டு 1916-இல் சலோனிக்கா போர்முனைக்குத் திரும்பியது.

அந்த நடையில் பங்கெடுத்தவர்களுக்காக 1920-இல் ‘அல்பேனிய நினைவுப் பதக்கம்’ உருவாக்கப்பட்டது. அதில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பேதம் கிடையாது. எல்லாரும் நடந்தது ஒரே பனியில்.

கொடியை வைத்துக் காலத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?
(வாசகர், கோவை)

முடியும். மேலிருந்து நீலம், வெள்ளை, சிவப்பு என்றால் யூகோஸ்லாவியா. சிவப்பு, நீலம், வெள்ளை என்றால் செர்பியா. நடுவே பொன் விளிம்போடு பெரிய சிவப்பு நட்சத்திரம் இருந்தால், அது 1946 முதல் 1992 வரை பறந்த சோஷலிச யூகோஸ்லாவியக் கொடி. செர்பியப் படைப்பிரிவுகளின் கொடிகளில் இன்னொரு சிறப்பு உண்டு. படையே சேர்ந்து காட்டிய வீரத்துக்கான விருதைக் கொடிக்கே வழங்குவார்கள். யாரோ ஒருவரைப் பொறுக்கி எடுக்க முடியாத வீரத்துக்கு அது மிக நியாயமான மரியாதை.

யூகோஸ்லாவியத் தலைவர் மார்ஷல் டிட்டோ எத்தனை விருது வாங்கினார்?
(வாசகர், சேலம்)

உள்நாட்டில் 21, வெளிநாடுகளில் 98; ஆக 119. இந்தியாவின் நேரு விருதும் அவருக்கு 1971-ஆம் ஆண்டுக்காக வழங்கப்பட்டது. கதை உள்ளது 1945-இல் சோவியத் நாடு கொடுத்த ‘வெற்றி’ விருதில்தான். பிளாட்டினமும் வைரமும் பதித்த அந்த நட்சத்திரத்தைப் பெற்ற வெளிநாட்டவர் ஐந்தே பேர். மூன்றே ஆண்டில் ஸ்டாலினும் டிட்டோவும் ஜென்மப் பகையானார்கள். நட்பு போனது, நட்சத்திரம் போகவில்லை.

சீருடைக் கூடங்களில் ஏன் இவ்வளவு மங்கலான வெளிச்சம்? கரண்ட் மிச்சமா?
(வாசகி, சென்னை)

துணியை மிச்சம் பிடிக்கத்தான். பழைய துணிகளுக்கு 50 லக்ஸ் அளவுக்குமேல் வெளிச்சம் வேண்டாம் என்பது அருங்காட்சியகங்களின் பொதுவான வழக்கம். வெளுத்த சாயம் திரும்பி வராது. பாட்டியின் பட்டுப்புடவை மடிப்பில் விட்டுப்போவதைப் பார்த்திருப்பீர்களே, பட்டுக் கொடிக்கும் அதே கதிதான். தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே கிழியும். அதனால் படுக்கவைத்தோ லேசாகச் சாய்த்தோ காட்டுவார்கள். வெள்ளிப் பதக்கத்தை அடிக்கடி பாலிஷ் போட்டாலும் ஆபத்து. ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி போகும், கூடவே எழுத்தும் முகமும் போகும். கறுத்திருந்தால் இருக்கட்டும், விடுங்கள்.

1943-இல் ‘சகோதரத்துவம், ஒற்றுமை’ என்றே ஒரு விருது நிறுவிய யூகோஸ்லாவியா 1990-களில் தனக்குள்ளேயே போரிட்டுச் சிதறியது. இனியும் அதைக் காட்சிக்கு வைக்க வேண்டுமா?
(ஆசிரியர், தஞ்சாவூர்)

கட்டாயம் வைக்க வேண்டும். நாஜிகளின் ஆக்கிரமிப்புக்கு நடுவே, செர்பியரும் குரோஷியரும் போஸ்னியரும் ஸ்லோவேனியரும் ஒரே படையில் நின்ற காலத்தில் பிறந்த விருது அது. அவர்களை நம்பவைத்த லட்சியம் உண்மை. பின்னால் அதே மண்ணில் நடந்த கொலைகளும் உண்மை. பதக்கத்தை மட்டும் வைத்தால் அது புகழ் பாடும். முடிவை மட்டும் சொன்னால், நம்பி உயிர்விட்டவர்களுக்கு அநியாயம். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கும் துணிச்சல்தான் நல்ல அருங்காட்சியகத்துக்கு அடையாளம்.

நான் பதக்கம் சேகரிப்பவன். யூகோஸ்லாவியப் பதக்கம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?
(வாசகர், காரைக்குடி)

முதலில் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஆரம்பகால விருதுகள் மாஸ்கோ நாணயச்சாலையில் தயாரானவை. பிறகு சாக்ரெப் நகரின் இக்கோம் தொழிற்சாலையில். பல விருதுகளில் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். போலிகளும் சந்தையில் உண்டு, ஜாக்கிரதை. அடுத்து, சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். பெற்றவர் பெயர் அதில்தான் இருக்கும். பதக்கத்தை ஒருவருக்கும் சான்றிதழை வேறொருவருக்கும் விற்பவர்கள் இருக்கிறார்கள்; அந்த விற்பனையில் ஒரு மனிதரின் பெயர் தொலைகிறது. சேர்ந்திருந்தால் சேர்த்தே வாங்குங்கள், சேர்த்தே வையுங்கள். என்றாவது கைமாற்ற நேர்ந்தாலும் சேர்த்தே கொடுங்கள்.