லயத்திலிருந்து ஏழு பேர்ச்சுக்கு

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்ற வரிசைக் குடியிருப்பின் ஒரே காம்பராவில் ஆறு பேராக வளர்ந்தோம். அம்மா விடியுமுன் கோதுமை மா ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, போத்தலில் சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டு, காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடுவார். சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். 1973–74 பஞ்சத்தில் அந்த மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்ததை அப்பாயி அழுதுகொண்டே சொல்வார்.

"அப்ப எல்லாரும் நடந்தாங்க, நோய் நொடி இல்ல" என்று இன்று பலர் பேசுகிறார்கள். எனக்கு அது கோபத்தைத்தான் தருகிறது. பாதை இல்லாததால் நடந்தோம். இரத்தச்சோகையோடு பெண்கள் கூடை சுமந்து மலையேறியதற்கு உடற்பயிற்சி என்று பெயர் வைக்க என் மனம் ஒப்பவில்லை. வேலை முடிந்து வந்தால் ஜன்னலில்லாத காம்பராவில் விறகுப் புகை. உடல் வலிக்கு வெற்றிலை, புகையிலை, ஆண்களுக்குக் கசிப்பு.

1984இல் தோட்டங்களில் ஆண், பெண் சம்பளம் சமமானது. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் கார்மென்ட்ஸுக்கும் போய்ப் பணம் அனுப்பினார்கள். பின்னர் இந்திய உதவியில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழுந்தன. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இன்னும் ஏராளமான குடும்பங்கள் லயத்தில்தான் இருக்கின்றன. எங்களுக்குக் கிடைத்த வீட்டில் தனிக் குசினி, தனிக் கழிப்பறை. அம்மாவின் இருமல் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதற்காகவே அந்த வீட்டைக் கும்பிடுவேன்.

வீட்டு வாசல்வரை இப்போது ஆட்டோ வருகிறது. அதோடு சோடாவும் பிஸ்கட்டும் நூடுல்ஸும் வந்துவிட்டன. லயத்துக்குப் பின்னால் பறித்த வல்லாரையும் பூசணி இலையும் போன இடம் தெரியவில்லை. நுவரெலியாவில் விளையும் கரட்டும் லீக்ஸும் லொறியேறி தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இறங்குகின்றன. எங்கள் கடையில் வாடியவை மிஞ்சும், விலையோ குறையாது. பசிக்கு மலிவாக அகப்படுவது இன்றும் மாவும் சீனியும்தான். பிள்ளைகளின் நாக்கைக் குறைசொல்லிப் பயனில்லை.

இன்றும் கொழுந்து எடுக்கும் என் அக்காவுக்குப் பிரஷரும் சீனி வருத்தமும். சாயத்தண்ணியில் சீனியைக் குறைத்துவிட்டார், ரொட்டியை விட முடியவில்லை. மலையில் மத்தியானம் நின்றபடி சாப்பிட வேறெது தோதுப்படும்? கிளினிக் நடப்பது வேலை நாளில். போனால் அன்றைய பேர் இல்லை. அன்றைய சம்பளம் போய்விடும்; 2024இல் அடிப்படைச் சம்பளமாக நிர்ணயித்தது 1,350 ரூபாய். போன மாதம் அவர் கிளினிக்குக்குப் போகவில்லை.