கார்ன் ஸ்நேக் குட்டியும் நால்வகை அச்சமும்: ஒரு மெய்ப்பாட்டியல் ஆய்வு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது இத்துறையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஆய்வு முடிவு. ஆயினும் படையில் எத்தனை பேர், பாம்பு எத்தனை அடி, நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது என்ற விவரங்கள் எதுவும் தரப்படவில்லை. நடுங்கி முடித்த படை அடுத்து என்ன செய்தது என்பதற்கும் குறிப்பில்லை. அக்குறையை நிரப்ப எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக் களம், லண்டன் ஈஸ்ட் ஹாமில் இரண்டாம் மாடியிலுள்ள ஒரு வாடகை வீடு. ஆய்வுக்கு உட்பட்டோர் இருவர்: இவ்வாய்வாளரின் மருமகன், அவன் வாங்கி வந்த கார்ன் ஸ்நேக் குட்டி. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைப் பூர்வீகமாகக் கொண்ட இவ்வினத்துக்கு நஞ்சில்லை. வளர்ந்தால் நான்கு, ஐந்து அடி நீளும். குட்டியோ ஒரு ஷூ லேஸ் அளவுதான். இந்தியாவில் சாரைப்பாம்பை வீட்டில் வைத்திருந்தாலே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். பிரிட்டனிலோ ஆபத்தான காட்டு விலங்குகளுக்கு 1976இல் போட்ட சட்டத்தின் பட்டியலில் கார்ன் ஸ்நேக்குக்கு இடமில்லை. ஆகவே உரிமம் வேண்டாம், துணிவுதான் வேண்டும். மருமகனிடம் உரிமம் கேட்டிருந்தால் எப்படியாவது வாங்கியிருப்பான்.

அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்பார் தொல்காப்பியர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. ஒரு வீட்டுக்கு இவற்றில் ஒன்று போதும். நான்கையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் அடைத்துக் காசு கொடுத்து வாங்கலாம் என்பதே இவ்வாய்வின் முதற் கண்டுபிடிப்பு.

அணங்கைக் கண்டவர் இவ்வாய்வாளரின் தாயார். நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு நேர்த்தி வைத்தவர் ஆதலின், வந்திருப்பது யார் என்பதில் அவருக்கு ஐயமில்லை. முதல் நாளே சின்னக் கிண்ணத்தில் பால் வைத்தார். அது பால் தேடும் பிராணி அல்ல. ஃப்ரீசரில் உறைந்த, மயிர் முளைக்காத எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கி இடுக்கியால் நீட்டினால்தான் வாய் திறக்கும் என்று பேரன் விளக்கினான். பக்தி அன்றே பாதியாயிற்று. எலிக்குஞ்சுப் பொட்டலம் மீன் பொரியலுக்குப் பக்கத்தில் இருப்பதைக் கண்டதும் மீதிப் பாதியும் போயிற்று. ஆயினும் வெள்ளிக்கிழமை தீனி கூடாது என்ற விதியை மட்டும் அவர் தளர்த்தவில்லை. குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறைதான் இரை என்பதால், விஞ்ஞானமும் விரதமும் மோதிக்கொள்ளாமல் சனிக்கிழமையில் சமாதானமாயின.

இனி விலங்கு. இங்கேதான் ஆய்வு பின்னுகிறது. அஞ்சுவது யார், அஞ்சப்படுவது யார்? ஷூ லேஸின் கண்ணில் மருமகன் ஒரு மலை. மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குப் பருந்துதான். எனவே உடலை ‘எஸ்’ ஆக வளைக்கும், வாலை அதிர வைக்கும், நாற்றத் திரவம் விடும், மிஞ்சினால் கடிக்கும். அக்கடி ஒரு கீறலுக்கு மேல் தேறாது. இதை மருமகன் மனப்பாடமாக ஒப்பிப்பான், ஒப்பித்துக்கொண்டே கையைத் தொட்டிக்குள் நீட்டுவான், பாதியில் நிறுத்துவான், இழுத்துக்கொள்வான், மறுபடி நீட்டுவான். மேலே வட்டமிடும் பருந்தை இதைவிடத் திறமாக யாரும் நடித்துக் காட்ட முடியாது. குட்டி சீறிற்று. “பாத்தீங்களே மாமா, இதுக்கு என்னைப் பிடிக்கேல்லை” என்றான்.

அற்றேல், துணிவு வந்தபின் தொடலாகாதோ எனின், ஆகாது. தொட்டபின் வருவதே துணிவு ஆகலின். இது உரையாசிரியர் கூற்றன்று. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து ஆல்பர்ட் பாண்டுரா குழுவினர், பாம்புக்கு மிக அஞ்சுவோரைக் கொண்டு செய்த ஆய்வை 1977இல் வெளியிட்டனர். பிறர் போவா பாம்பைக் கையாள்வதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களைவிட, துணைக்கு ஆள் நிற்கத் தாமே படிப்படியாகத் தொட்டவர்களுக்கே ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் வலுத்தது. படிகளில் கடைசியானது விசேஷமானது: பாம்பு மடியில் ஊர, இரு கைகளையும் பக்கத்தில் சும்மா விட்டபடி உட்கார்ந்திருத்தல். எதுவும் செய்யாமல் இருப்பதைத் தேர்வின் உச்சியில் வைத்த துறை வேறொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

மருமகனும் அவ்வழியே ஏறினான். வந்த முதல் வாரம் தொடவே இல்லை. குட்டி இடம் பழகி இரை எடுக்கட்டும் என்று விட்டான். இரை தின்ற பின் இரண்டு நாள் தொடவில்லை, தொட்டால் கக்கிவிடும். கண் பால்நீலமாக மங்கிச் சட்டை உரிக்கும் காலத்திலும் விட்டுவிட்டான். மற்ற நாட்களில் கையில் எலி வாடை இல்லாமல் கழுவிக்கொண்டு, மேலிருந்து அல்ல, பக்கவாட்டில், தயங்காமல் நடு உடலுக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கினான். தலையைப் பிடிக்கவில்லை. அது ஓட ஓட ஒரு கைக்கு முன் மறு கையை வைத்தான். ஓடிக் களைத்துக் கடைசியில் விரலிடுக்கில் நின்று நாக்கை நீட்டிற்று. அந்த நாக்கு மணம் பிடிக்கும் கருவி, மிரட்டல் அல்ல. அடுப்படியிலிருந்து குரல் வந்தது: “தம்பி, உதைத் தொட்ட கையோட இஞ்ச வராதை. சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு வா.” ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா இருக்கக்கூடும் என்பது மருத்துவம். தாயார் அம்முடிவுக்குத் தம் சொந்த வழியில் வந்திருந்தார்.

கள்வரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குட்டி தன்னைத் தானே திருடிக்கொண்டு போகும் இனம். தலை நுழையும் இடுக்கு போதும். மூடிக்குப் பூட்டு வாங்கியாயிற்று.

எஞ்சியது இறை, அதாவது வீட்டுக்காரர். வாடகை ஒப்பந்தத்தில் செல்லப் பிராணி கூடாது என்றிருந்தது. பாண்டுரா இதற்குப் படி எதுவும் வகுக்கவில்லை. பாய்லரைப் பார்க்க வீட்டுக்காரரின் முகவர் அறிவிக்காமல் வந்து மணி அடித்தபோது குட்டி மருமகனின் கையில் இருந்தது. தொட்டியின் மேல் தாயாரின் சேலை விழுந்தது. குட்டி ஹூடியின் கைக்குள் புகுந்து, வயிற்றுப் பக்கம் ஊர்ந்து, மடியில் தங்கிற்று. மருமகன் சோபாவில், இரு கைகளையும் பக்கத்தில் சும்மா விட்டபடி, முகவர் வீட்டைச் சுற்றி முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். கடைசிப் படியில் அவன் தேறியதற்குச் சாட்சி இவ்வாய்வாளரே.

காலடி அதிர்வில் குட்டி தன் நாற்றத்தை விட்டது. முகவர் மூக்கைச் சுளித்து, சாக்கடைக் குழாயில் கோளாறு என்று படிவத்தில் எழுதிக்கொண்டார். வீடு முழுக்கச் சோதிக்க அடுத்த வாரம் இரண்டு பிளம்பர்கள் வருகிறார்கள்.