பெட்டியும் பொட்டும்

எங்கள் வீட்டு ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்று எண்களையும் தயங்காமல் சொல்வேன். கல்யாண நாள் என்ன தேதி என்று மட்டும் கேட்கக் கூடாது.

அளவெடுக்கும் வியாதி எனக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, நான்கு பேர் சேர்ந்து இரண்டு ஸ்பீக்கர்களை எங்கள் இரண்டாவது மாடிக்கு ஏற்றினார்கள். ஒவ்வொன்றும் நாலடி உயரம், 45 கிலோ. லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை, என்றைக்கும் செய்ததில்லை. பி.எஃப். பணத்தில் வீடு கட்டுகிறவன் உண்டு, பெண்ணுக்குக் கல்யாணம் செய்கிறவன் உண்டு. நான் பெட்டி வாங்கினேன். அம்மா இரண்டையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "துவாரபாலகர் மாதிரி இருக்குடா. உள்ள சாமி எங்க?" என்றாள். சாமி நான்தான் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

விற்ற கடைக்காரர் படியிறங்கும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "சார், பெட்டி பாதிதான். வைக்கிற இடந்தான் மீதிப் பாதி." பணம் கொடுப்பதற்கு முன்னால் சொல்லியிருந்தால் அந்த மீதிப் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

அன்று ராத்திரியே படிக்க உட்கார்ந்தேன். இரண்டு பெட்டிகளும் கேட்பவன் தலையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக இருக்க வேண்டுமாம். தலை இருக்கும் முனைக்கு ஸ்வீட் ஸ்பாட் என்று பெயர். "சுகர் இருக்கிறவனுக்கு என்னடா ஸ்வீட்டு?" என்றாள் அம்மா. அங்கே உட்கார்ந்தால், பாடுகிறவர் இடப்பெட்டியிலும் இல்லாமல் வலப்பெட்டியிலும் இல்லாமல், ஒன்றுமே இல்லாத நடு இடத்தில் உட்கார்ந்து பாடுவார்.

இந்த மாயத்துக்கு மூலகர்த்தா ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேய எஞ்சினியர். மனைவியோடு சினிமாவுக்குப் போனவர், திரையில் கதாநாயகன் ஒரு பக்கம் நடக்க, குரல் வேறு பக்கத்திலிருந்து வருவதைக் கவனித்து, இதைச் சரிசெய்ய எனக்கு வழி தெரியும் என்று அவளிடம் சொன்னாராம். 1931 டிசம்பரில் காப்புரிமைக்கும் விண்ணப்பித்துவிட்டார். இந்தக் கதையை என் மனைவியிடம் உணர்ச்சி பொங்கச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அவரு பொண்டாட்டியை சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு, பாத்தீங்களா?" என்றாள்.

சரி, பெட்டியை எங்கே வைப்பது? சுவரோடு ஒட்டி வைத்தால் பாஸ் வீங்கும். மூலையில் வைத்தால் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவது போலாகும். ஜார்ஜ் கார்டாஸ் என்ற அமெரிக்கர் இதற்குப் பொன் விகிதத்தில் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அறையின் அகலத்தை 0.276-ஆல் பெருக்கினால் பக்கச் சுவருக்கும் ஊஃபரின் மையத்துக்கும் உள்ள தூரம், 0.447-ஆல் பெருக்கினால் பெட்டிக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து தூரம். எங்கள் 11 அடிக்குப் பெருக்கிப் பார்த்தேன். பக்கத்தில் 3 அடி, பின்னால் 4 அடி 11 அங்குலம். அதாவது இரண்டு பெட்டிகளும் ஹாலின் நட்டநடுவில், யாக குண்டத்துக்கு இரண்டு பக்கமும் வைத்த குடங்கள் மாதிரி நிற்கும். பின்னால் ஐந்தடிப் பிரகாரம். வாசலிலிருந்து சமையலறைக்குப் போகிறவர்கள் பிரதட்சிணமாகத்தான் போக வேண்டும். பால்காரர் இரண்டு நாள் சுற்றினார். மூன்றாம் நாள் பாக்கெட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஊரிலிருந்து வந்த மாமனார் என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். "இது மனையடி சாஸ்திரமால்ல இருக்கு?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "11-ம் நல்ல அளவு, 16-ம் நல்ல அளவு மாப்பிள்ளை. 8-ம் உத்தமம்" என்றார். இங்கேதான் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மாமா, எட்டுக்குப் பதினாறு அறையில் குடியிருக்கலாம், பாட்டுக் கேட்க முடியாது" என்று ஆரம்பித்தேன். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்ப் போய்த் திரும்பும். அந்தத் தூரத்தைப் போல இரண்டு மடங்கு அலைநீளமுள்ள சுரம் வந்தால் அறை அதைப் பிடித்துக்கொண்டு விடாது. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் சரிபாதியாக இருந்தால், இரண்டு ஜோடிச் சுவர்களும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். மாமனார் பொறுமையாகக் கேட்டார். "உங்க ஹால்ல?" என்றார்.

எங்கள் ஹாலின் வண்டவாளம் அப்போதுதான் தண்டவாளம் ஏறியது. அகலம் 11 அடி என்றால் 52 ஹெர்ட்ஸ். உயரம் 10 அடி என்றால் 57. பாஸ் கிட்டாரின் 'ஏ' தந்தி 55 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட புது மருமகள் மாதிரி அதன் நிலை. இளையராஜா பாட்டில் கிட்டார் அந்த இடத்தைத் தொடும்போதெல்லாம் ஹால் ஒரு தடவை உறுமும். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கூடவே பாடும். நீளத்துக்கு 36 ஹெர்ட்ஸ். சோபாவைப் பின்சுவரோடு போட்டால் அந்தச் சுரம் இரட்டிப்பாக முழங்கும். சரியாக எட்டாவது அடியில் போட்டால் காணாமல் போகும். சோபாவை அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "வீடு மாத்தறீங்களா சார்?" என்று ஆவலோடு விசாரித்தார்.

அடுத்தது குரல் முறை. பெட்டி நிற்கப்போகும் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பேச ஆரம்பிக்க வேண்டும். பேசிக்கொண்டே ஒவ்வொரு அங்குலமாக முன்னால் வர வேண்டும். சுவரோரம் கனத்திருந்த குரல் ஓர் இடத்தில் சட்டென்று தெளியும். பெட்டிக்கு அதுதான் இடம். என்ன பேசுவது என்று தெரியாமல் மளிகைச் சாமான் பட்டியலைச் சொல்லிக்கொண்டு வந்தேன். "துவரம் பருப்பு ரெண்டு கிலோ… துவரம் பருப்பு ரெண்டு கிலோ…" மூன்றடியில் பருப்பு தெளிந்தது. நிமிர்ந்தால் மனைவி நிற்கிறாள். "இதைக் கடைக்குப் போய்ச் சொல்லணுங்க. சுவத்துகிட்ட சொன்னா வராது."

பிறகு கண்ணாடி. பெட்டியிலிருந்து வரும் ஒலி பக்கச் சுவரில் பட்டுத் தெறித்து, நேராக வரும் ஒலியோடு கலந்து குழப்பும். எந்த இடத்தில் தெறிக்கிறது என்று கண்டுபிடிக்க சுலபமான வழி உண்டு. நான் ஸ்வீட் ஸ்பாட்டில் உட்கார வேண்டும். இன்னொருவர் சுவரோடு ஒட்டி ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ட்வீட்டர் தெரிகிறதோ அங்கே அடையாளம் போட வேண்டும். இன்னொருவராக அம்மா வந்தாள். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, "முகம் ரொம்ப வத்திப்போச்சுடா" என்று பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டாள். அடையாளத்துக்கு வேறொன்றும் அகப்படாமல் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினேன். வலச் சுவரில் ஒரு பொட்டு. இடப்பக்கம், சுவரில் மாட்டியிருந்த எங்கள் தாத்தா படத்தின் கண்ணாடியில், மிகச் சரியாக அவர் நெற்றியில் ஒரு பொட்டு. உயிரோடு இருந்தவரை விபூதியைத் தவிர வேறொன்றும் தரித்தறியாதவர்.

தெறிப்பை அடக்கப் பஞ்சு வேண்டும். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர், எதிரொலித்துத் தொலைத்த ஒரு விரிவுரை மண்டபத்தைச் சீர்படுத்தக் கிளம்பினார். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஊதவிட்டு, ஓசை அடங்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவாராம். அந்த மெத்தைகளிலிருந்துதான் கட்டட ஒலியியல் என்ற துறையே பிறந்தது. நானும் ராத்திரி 12 மணிக்கு வீட்டிலுள்ள இலவம்பஞ்சுத் தலையணைகள் ஆறையும் திரட்டிச் சுவரோரம் அடுக்கிக் கை தட்டிப் பார்த்தேன். சபைன் ஆளில்லாத மண்டபத்தில் வேலை செய்தார். என் தலையணைகளில் நான்கின் மேல் தலைகள் இருந்தன என்பதை நான் யோசிக்கவில்லை.

சபைன் கணக்கில் ஒலியை முழுதாக விழுங்குவது திறந்த சன்னல்தான். அதைத்தான் அவர் அளவுகோலாகவே வைத்துக்கொண்டார். ஆகவே சன்னலைத் திறந்தேன். ஒலி வெளியே போயிற்று, கொசு உள்ளே வந்தது. எங்கள் வீடு பழவந்தாங்கலில். சன்னல் திறந்திருந்தால் விமானமும் கிட்டத்தட்ட உள்ளே வரும். சன்னலை மூடினால் மின்விசிறியின் கடகட. அதையும் நிறுத்தினேன். நல்ல பெட்டியைச் சரியாக வைத்தால் வாத்தியங்களுக்கு நடுவே காற்றோட்டம் தெரியும் என்று விமரிசகர்கள் எழுதுவார்கள். வாத்தியங்களுக்கு வேண்டுமானால் இருந்திருக்கலாம். சித்திரை மாதம், மூடிய ஹால், எனக்கு பனியன் பிழிந்தெடுக்கும்படி இருந்தது.

ஒருவழியாக எல்லாம் அமைந்தது என்று தோன்றிய அன்று அரங்கேற்றம் வைத்தேன். மாமனார், அம்மா, மனைவி, மகள். மதுரை மணி ஐயரின் பழைய கச்சேரிப் பதிவு; மிருதங்கம் பழனி சுப்பிரமணிய பிள்ளை. ஸ்வீட் ஸ்பாட்டில் ஒருவருக்குத்தான் இடம் என்பதால் நான் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டால் ஏமாந்துபோவோம் என்று 1994-இலேயே ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்: திரைக்குப் பின்னால் இருந்தபோது ஒரு மதிப்பெண், கண்ணுக்குத் தெரிந்தபோது வேறு மதிப்பெண். ஆகவே கண் மூடியபடியே வர்ணித்தேன். "நடுவில் மணி ஐயர். வலது பக்கம் வயலின். இடது பக்கம் மூன்றடி தள்ளி, கொஞ்சம் பின்னால் மிருதங்கம். ஆகா, மிருதங்கத்தின் வலந்தலை நம்மைப் பார்க்கிறது!"

மாமனார் தொண்டையைச் செருமினார். "பழனி இடது கைக்காரர் மாப்பிள்ளை. வலந்தலை சபையைப் பாக்கணும்னா அவரு எதிர்ப்பக்கம் உக்காரணும். அவருக்காக வயலின்காரர் இடம் மாறி உக்கார வேண்டியிருந்தது. அந்தக் காலத்துல அது பெரிய வழக்காவே இருந்துச்சு."

நான் கண்ணைத் திறக்கவில்லை. "அதாவது… வலது பக்கமும் லேசாக…" என்றேன்.

மகள் உறையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இது மோனோப்பா."

ஸ்டீரியோ இசைத்தட்டு உலகச் சந்தைக்கு வந்ததே 1958-இல்தான். தமிழ் சினிமாவின் முதல் ஸ்டீரியோ என்று சொல்லப்படும் 'ப்ரியா' வந்தது 1978-இல். என்னிடம் இருக்கும் பதிவுகளில் முக்கால்வாசி அதற்கு முந்தியவை. மோனோவில் இடமும் இல்லை, வலமும் இல்லை. இரண்டு பெட்டியும் ஒன்றையே சொல்லும். அதிலும் நடுவில் மணி ஐயர் தெரிவது எனக்கு மட்டும்தான். ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து சில மில்லிசெகண்ட் முன்பின்னாக வந்தால், முந்தி வந்த பக்கத்திலிருந்தே வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும் என்று 1949-இல் ஹெல்மட் ஹாஸ் காட்டினார். காதுக்கும் பந்தி நியாயம்தான், முந்தியவனுக்கே இலை. இடப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவுக்கு மணி ஐயர் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து பாடினார். மாமனாருக்கு இந்தப் பெட்டிக்குள்ளிருந்து. மனைவி ஒரு நிமிஷம் யோசித்தாள். "அப்ப ஒரு பெட்டியே போதும்ங்கறீங்க?" 45 கிலோவை மறுபடி படியிறக்க ஆள் கிடைக்காததால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

மறுநாள் சமரசம். பெட்டிகள் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கும். பால்காரர் நேராக உள்ளே வருவார். தலையணைகள் தலைகளுக்கே திரும்பும். தாத்தாவின் பொட்டு கழற்றப்படும். இது பொன் விகிதம் அல்ல, குடும்ப விகிதம். ஸ்வீட் ஸ்பாட்டில் அம்மா நாற்காலியைப் போட்டுப் பூக்கட்ட உட்கார்ந்துவிட்டாள். அங்கேதான் மின்விசிறிக் காற்று நன்றாக வருகிறதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை தோற்றவன் வேலையாக, சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் யாரோ மணி ஐயரைப் போட்டார்கள். பெட்டி கண்ணில் படவில்லை. முக்கோணம் இல்லை, அங்குலம் இல்லை. ஆனால் என் ஹாலில் ஒரு மனுஷர் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் வாயைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்துவிடுவார் போலிருந்தது. நல்ல பெட்டியா என்று அறிய அடுத்த அறையிலிருந்து கேட்க வேண்டும் என்பது ஒலிப்பித்தர்கள் நடுவே பழைய சோதனை. அதைப் படித்துவிட்டு, சோம்பேறிகள் சொன்னது என்று தாண்டிப் போயிருந்தேன்.

கண்ணில் நீர் கோத்தது. வெங்காயம் பாதி. "இங்கேதாண்டி கேக்குது!" என்று மனைவியிடம் சொன்னேன்.

"நான் இருபது வருஷமா இங்கதானே கேக்கறேன்" என்றாள் அவள், தாளிப்பிலிருந்து திரும்பாமல்.

நான் மெதுவாக இடுப்பிலிருந்து டேப்பை உருவினேன். அடுப்பிலிருந்து 4 அடி 2 அங்குலம், நிலைப்படியிலிருந்து… அவள் அடுப்பைத் தணித்தாள். டேப்பை வாங்கி அரிசி டப்பாவின் மேல் வைத்தாள். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, நான் உட்கார்ந்திருந்த தரையில் அழுத்தி ஒட்டினாள்.

"இடம் இதுதான். நகராதீங்க. இன்னும் அரைக் கிலோ இருக்கு."