கண்டியைக் கேட்டால்...

கேள்வி: கண்டி சிங்கள இராசதானி. அங்கே மதுரைக்காரருக்கு என்ன வேலை?
(வாசகி, கட்டுகஸ்தோட்டை)

பதில்: அரசாளும் வேலைதான்! 1739இல் கண்டி மன்னர் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய வாரிசின்றி இறந்ததும், மதுரையிலிருந்து வந்த அரசியின் தம்பி அரியணை ஏறினார். பெண் எடுத்த வீட்டிலிருந்தே மன்னரையும் எடுத்துக்கொண்டது கண்டி. 1815 வரை நால்வர் ஆண்டார்கள், நால்வரும் நாயக்கர்களே.

கேள்வி: இந்து வழிவந்த நாயக்க மன்னர்கள் பௌத்தத்துக்கு என்ன செய்தார்கள்?
(வாசகர், மாத்தளை)

பதில்: அறுந்த இழையை முடிந்துவைத்தார்கள். இலங்கையில் பிக்குகளுக்கு முழுத் துறவு அளிக்கும் உபசம்பதை மரபு அற்றுப்போயிருந்தது. கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் சியாமுக்கு (இன்றைய தாய்லாந்து) தூது அனுப்பி, உபாலி தேரரை வரவழைத்தார். 1753இல் அந்த மரபு மீண்டது. மல்வத்தை, அஸ்கிரிய பீடங்கள் இன்றும் சியாம் நிக்காயம் என்ற பிக்குகள் பிரிவைச் சேர்ந்தவை. இந்துத் தொடர்பும் அறவில்லை: புத்தரின் புனிதப் பல்லுக்கான தலதா பெரஹரா ஊர்வலத்துடன் நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் செல்கின்றன. அந்தப் பத்தினி நம் கண்ணகிதான். மதுரை மன்னர்களுக்கு முன்பே மதுரையை எரித்தவள் இங்கே குடியேறிவிட்டாள்!

கேள்வி: கடைசி மன்னர் என்ன ஆனார்?
(மாணவர், பேராதனை)

பதில்: கண்டி வாவியை வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார், 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் என்ற நினைவிடம் இருக்கிறது. வாவியில் படம் எடுத்தவர்கள் வேலூர் போனால் ஒரு பூவும் வையுங்கள். மதுரை, கண்டி, சியாம் மூன்றும் சேர்ந்து வளர்த்த மரபு இது. எவரும் தனியாகப் பட்டா போட முடியாது.