மருமகனே, மானத்தை மூட்டை கட்டாதே

பெரிய ஃபைல் வச்சிருக்கவன் பெரிய சர்வேயர் ஆயிர மாட்டான், மருமகனே. மொதல்ல அதை மனசுல வாங்கிக்க. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு எல்லைக் கல்லு குறிக்கப் போனவன், ஆறு மணி நேரம் டிஜிபிஎஸ் மிஷினை ஓட விட்டு வந்திருக்க. நல்ல காரியந்தான். ஆனா செகண்டுக்கு ஒரு தடவை பதியச் சொல்லி வச்சியே, யார்யா ஒனக்கு அந்தப் புத்தி குடுத்தது? இப்ப 166 எம்பி ஃபைலை வச்சுக்கிட்டு, நெட்டு ஏறல, சர்வர் எடுக்கலன்னு ஜியோக்காரனையும் ஏர்டெல்காரனையும் ஏசுற. அவுக என்ன பாவம் பண்ணாக?

ஒங்க அம்மா கூடப் பொறந்த பாவத்துக்கு நான் சொல்லித்தான ஆகணும். கேளு.

நீ கேட்டுக்கு வெளிய ட்ரைபாடை நட்டது சரி. பட்டாசு ஆலைக்குள்ள போறவன் செல்போனையே வாசல்ல குடுத்துட்டுத்தான் போகணும். அங்கன போயி சிம்கார்டு போட்ட ரோவரையும் ரேடியோவையும் தூக்கிக்கிட்டு அலைய முடியுமா? அதனால வெளிய நெலையா நிறுத்திப் பதிஞ்சு, வீட்டுக்கு வந்து கணக்குப் போடுறதுதான் இந்த ஊருக்கு லாயக்கு. நம்ம கரிசக்காடு வேற வானம் பாத்த பூமி. மரமா மட்டையா, மறைப்பே கெடையாது. மழைதான் எட்டிப் பாக்காது, செயற்கைக்கோளு எல்லாம் வரிசையா வந்து நிக்கும். அந்தச் சொகத்துலதான் நீ அம்புட்டையும் அள்ளிட்ட.

எப்படி 166 எம்பி ஆச்சுன்னு யோசிச்சியா? ரைனெக்ஸ்ங்கிறது வெறும் எழுத்து ஃபைலு. 1989-ல ஐரோப்பாவுல ஒரு பெரிய அளவை நடந்தப்ப, ஒரு கம்பெனி மிஷினு எழுதுனது இன்னொரு கம்பெனி மிஷினுக்குப் புரியல. பெர்ன் பல்கலைக்கழகத்து வெர்னர் குர்ட்னர்தான் எல்லாருக்கும் பொதுவா இந்த முறையை உண்டாக்கிக் குடுத்தாரு. அதுல ஒவ்வொரு அளவுக்கும் 16 எழுத்து எடம். 40 செயற்கைக்கோளு, ஒவ்வொண்ணுக்கும் 12 அளவுன்னு வை. செகண்டுக்கு 7,680 எழுத்து. ஆறு மணி நேரத்துக்கு 21,600 செகண்டு. பெருக்கு. 16 கோடியே 58 லட்சத்துச் சொச்சம் எழுத்து வருதா? ஒரே ஒரு கல்லுக்கு! அந்தக் கல்லு அங்கனயேதான நிக்குது, எங்கயும் ஓடிப் போகலையே?

அந்தக் காலத்துல அளந்தவுகளை நெனச்சுப் பாரு. சர்வேயர் லாம்டன் துரை 1802-ல பரங்கிமலைக்குப் பக்கத்துல அடிக்கோடு அளந்தாரு. 100 அடி எஃகுச் சங்கிலி. ஏழரை மைலு. 400 தடவை நீட்டிப் போட்டு, 57 நாள்ல முடிச்சாரு. அந்தக் கோட்டை வச்சுத்தான் பொறவு இந்தியா பூராவையும் அளந்தாக. கோணம் அளக்குற அவரு தியோடலைட்டு அரை டன் கனம். 1808-ல தஞ்சாவூரு பெரிய கோயிலு கோபுரத்து மேல ஏத்துறப்போ கயிறு அறுந்து செவத்துல மோதிருச்சு. ஆறு வாரம் உக்காந்து அவரே சரி பண்ணாரு. அவருக்குக் கருவி கனம், கணக்கு மெலிசு. ஒனக்குக் கருவியை ஒத்தக் கையால தூக்கலாம், ஃபைலைத் தூக்கத்தான் ஆளு வேணும்.

வெசயத்துக்கு வாரேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோளு 20,200 கிலோமீட்டர் ஒசரத்துல, செகண்டுக்குக் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் ஓடுது. நாலு கிலோமீட்டர்னா சிவகாசியில நின்னா திருத்தங்கலு வந்துரும். ஆனா அம்புட்டு ஒசரத்துல அது ஓடுனது இங்கனருந்து பாத்தா அசைஞ்ச மாதிரியே இருக்காது. காத்து மண்டலத்தால வர்ற பெசகு, தகரக் கூரையில பட்டுத் தெறிச்சு வர்ற பெசகு, இதெல்லாம் ஒரு செகண்டுல மாறுமா? மாறாது. அப்ப 30 செகண்டுல 30 தடவை பதிஞ்சா, ஒரே பொய்யை 30 தடவை எழுதி வச்ச மாதிரிதான். ரெண்டு மணி நேரம் பொறுத்தா செயற்கைக்கோளு வானத்துல நல்லா எடம் மாறியிருக்கும். அந்த எடமாத்தந்தான் ஒனக்குச் சென்டிமீட்டரைக் குடுக்குது. கொறைக்க வேண்டியது அடர்த்தியை. நேரத்தைத் தொடாதே. நீ என்னடான்னா நேத்து, "அரை மணி நேரத்தை மட்டும் வெட்டி அனுப்புனா போயிரும்ல மாமா"ங்கிற. வெளங்கும்!

இன்னொரு கூத்தைக் கேளு. நாம அனுப்புற ஃபைலுக்கு ஆன்லைன்ல கணக்குப் போட்டுக் குடுக்குற அமெரிக்காக்காரன் ஓபஸ் இருக்குல்ல, அது நீ ஒரு செகண்டுல குடுத்தாலும் அஞ்சு செகண்டுல குடுத்தாலும் வாங்கி வச்சுக்கிட்டு, 30 செகண்டுக்கு ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் தள்ளிரும். ஆஸ்திரேலியாக்காரன் ஆஸ்போஸும் 30 செகண்டுக் கணக்குத்தான். அவன் குப்பையில போடுறதுக்காக நீ ராத்திரி முழுக்க டேட்டா பேக்கைக் கரைக்கிற. இங்கனயே தள்ளிட்டு அனுப்பேன். 166 எம்பி அஞ்சரை எம்பி ஆயிரும்.

அதுக்கு ஒண்ணும் காசு இல்ல. ஜப்பான்ல டகாசு டோமோஜிங்கிறவரு ஆர்டிகேலிப்னு ஒரு மென்பொருளைச் சும்மா குடுத்திருக்காரு. அதுல ஆர்டிகேகன்வைத் தொற. மொதல்ல கம்பெனி ஃபைலை ரைனெக்ஸா மாத்து. இடைவெளிங்கிற கட்டத்துல 30-னு போடு. சராசரி எடுக்காது, முழு நிமிசத்துலயும் அரை நிமிசத்துலயும் விழுந்த பதிவை மட்டும் அப்படியே பொறுக்கி எடுக்கும். எடுத்ததுல ஒரு இலக்கம் மாறாது. இதே சோலியை ஜெர்மன்காரன் ஜிஎஃப்ஸெட்ரைனெக்ஸும் பாக்கும். பழைய ஆளுக டெக்குன்னு ஒண்ணு சொல்லுவாக. அதை உண்டாக்குன யுனாவ்கோவே 2019-லயே அதைக் கவனிக்கிறதை நிறுத்திருச்சு, விட்டுரு.

ஜிபிஎஸ் மட்டும் எடுத்துக்கிற சேவைக்கு அனுப்புறியா, அப்ப குளோனாஸ், கலிலியோ, பெய்டூ, நம்ம நாவிக் எல்லாத்துலயும் டிக்கை எடுத்துரு. நாவிக்கை எடுக்கச் சொன்னதும் மொறைக்காதே. தேசபக்தியைக் கொடியேத்துறப்போ காட்டு, வாங்காதவன் வீட்டுக்குப் போயிக் காட்டாதே.

இன்னும் சுருக்கணும்னா ஹடனகா இருக்கு. யூகி ஹடனகா ஜப்பான் அரசாங்க நெல அளவைக்காரரு. ஒவ்வொரு தடவையும் "ரெண்டு கோடியே இருபது லட்சத்துச் சொச்சம் மீட்டரு"ன்னு முழுசா எழுதுறதுக்குப் பதிலா, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள வித்தியாசம், அந்த வித்தியாசத்துக்குள்ள வித்தியாசம்னு சின்ன நம்பரா எழுதுற முறை. அதை ஜிப்பும் பண்ணிட்டா ஏறத்தாழ எட்டுல ஒரு பங்காயிரும். சங்கதி ஒண்ணும் போகாது, பிரிச்சா பழையபடி வந்துரும். ஆஸ்போஸ், ஓபஸ் ரெண்டும் இதை அப்படியே வாங்கிக்கும்.

பட்டாசு ஆலை மருந்து அறையில அன்னன்னைக்கு வேண்டிய மருந்தை மட்டும் வச்சுக்கன்னு இந்த ஊருல பொறந்த புள்ளைக்கு நான் சொல்லணுமா? அனுப்புற ஃபைலும் அப்படித்தான் இருக்கணும்.

கை வைக்கக் கூடாத எடம் எதுன்னும் சொல்லிர்றேன். ரெண்டாவது அலைவரிசையை நீக்கிராத. அது இல்லாட்டி அயனி மண்டலத்துப் பெசகைக் கழிக்க முடியாது. தலைப்புல ஆன்டெனா பேரும் ஒசரமும் இருக்கு பாரு, அதை நோட்டுப்பேட்ல தொறந்து அழகு பண்றேன்னு அழிச்சுராத. ஒசரத்தைச் சாய்வா டேப்பு புடிச்சு அளந்துட்டு நேர் ஒசரம்னு எழுதுனா, ஆறு மணி நேரம் வெயில்ல காய்ஞ்சது அம்புட்டும் வீணு. காலையில அஞ்சரைக்கு முன்னால ஆரம்பிக்காத. நமக்கு அஞ்சரைன்னா கிரீன்விச்சுல நடுச்சாமம். ஃபைலு ரெண்டு நாள்ல கால் வச்சுக்கிட்டு நிக்கும்.

பொழுது சாஞ்ச பிறகு அளக்குற ஆசையையும் விட்டுரு. பூமியோட காந்த நடுக்கோடு நமக்குத் தெக்க திருநெல்வேலிப் பக்கந்தான் போகுது. அதுக்காகத்தான் அங்கன புவிக்காந்த ஆராய்ச்சி நெலையமே வச்சிருக்காக. சூரியன் துடியா இருக்குற வருசங்கள்ல ஏழு மணியிலருந்து நடுச்சாமம் வரைக்கும் இந்த வட்டாரத்துல சிக்னலு மின்னி மின்னி அறுந்துரும். உம் ஃபைலுல ஏதாச்சும் ஒரு நேரத்தை வெட்டித்தான் தீரணும்னா, வெட்ட வேண்டியது அந்த நேரம். ட்ரோன் பறக்க விட்டு அளக்குறப்போ மட்டும் இந்த மாமன் பேச்சைக் கேக்காத. ஓடுற சாமானுக்குச் செகண்டு செகண்டாத்தான் வேணும். அதை 30 ஆக்குனா ட்ரோன் எங்க போச்சுன்னு ஒனக்கே தெரியாது.

அப்புறம் ஒரு சின்ன வெவரம். 2021 பிப்ரவரி 15-ல மத்திய அரசு ஒரு வழிகாட்டுதல் விட்டுச்சு. அளக்குறதுக்கு இனி யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம்னு கதவைத் தொறந்து விட்டாக, சந்தோசம். அதுலயே, கெடைமட்டத்துல ஒரு மீட்டரு, ஒசரத்துல மூணு மீட்டரு, இதுக்கும் மேல நுணுக்கமான தரவை இந்தியாவுக்குள்ளதான் வச்சுக்கணும், இந்தியாவுக்குள்ளதான் கணக்குப் போடணும்னும் எழுதியிருக்காக. நீ சென்டிமீட்டருக்கு ஆசைப்படுறவன். ஆலை எல்லையைக் கன்பெராவுக்கு அனுப்பப் போறதுக்கு முன்னால அதை ஒரு தடவை படிச்சுக்க. இந்திய நில அளவைத் துறையே நாடு முழுக்க, எந்நேரமும் பதிஞ்சுக்கிட்டே இருக்குற கார்ஸ் நெலையம் போட்டு, ஆன்லைன்ல கணக்கும் போட்டுக் குடுக்குது. 1767-ல ஆரம்பிச்ச துறை. சங்கிலிக் காலத்துலருந்து இருக்கவுக, உம் அஞ்சரை எம்பியையும் பாத்துக்கிடுவாக.

கடைசியா ஒண்ணு மட்டும் கேட்டுக்க, இதுல வெளையாட்டு இல்ல. இம்புட்டும் நான் கொறைக்கச் சொன்னது அனுப்புற நகலைத்தான். மிஷினுலருந்து எறக்குன அசல் ஃபைலை ரெண்டு எடத்துல பத்திரமா வை. நாளைக்குப் பக்கத்துக் காட்டுக்காரரு கல்லு தள்ளி நட்டிருக்குன்னு தாலுகா ஆபீசுல மனு குடுத்தா, ஒனக்குச் சாட்சி சொல்ல அந்த அசலுதான் இருக்கு.