இரண்டு லோடு ஜல்லி

வீட்டை விற்பது என்று முடிவானதும் புரோக்கர் வந்தார். சமையலறையைப் பார்த்தார், மொட்டைமாடியைப் பார்த்தார், முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கொல்லைக் கதவைத் திறந்தேன். மலர்ந்தது கூம்பிவிட்டது.

"என்ன சார் இது?"

"குளம்."

"செப்டிக் டேங்க் உடைஞ்சிருக்குன்னு நினைச்சேன்."

தாம்பரத்துக்குத் தெற்கே, பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி ஆழம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 3,400 லிட்டர். நானே வெட்டித் தார்ப்பாய் விரித்தது. அல்லி நட்டேன், தும்பி வந்தது. கப்பி மீன் விட்டேன், மீன்கொத்தி வந்தது, மீன் குறைந்தது. தவளைகள் யாரும் அழைக்காமலே வந்தன. ஐப்பசி மழையில் அவை போடும் கூச்சலில் டிவி சீரியல் வசனம் கேட்காது. எனக்குக் குளம் பிடித்ததும் அதனால்தான், மனைவிக்குப் பிடிக்காமல் போனதும் அதனால்தான்.

வீடு பார்க்க முதலில் வந்தவர் "கொசு வருமே" என்றார். தும்பியின் புழு தண்ணீருக்குள் இருந்தபடியே கொசுப்புழுவைத் தின்னும், கப்பிக்கும் அதுதான் பலகாரம் என்று பத்து நிமிடம் விளக்கினேன். பத்து நிமிடமும் அவரைக் கொசு கடித்தது. அடுத்த மனையில் கிடக்கும் பழைய டயரில் பிறந்த கொசு அது. ஆனால் கொசுவின் மேல் விலாசமா எழுதியிருக்கிறது?

இரண்டாமவர் செல்போனில் திசை பார்த்தார். "கன்னி மூலையில பள்ளம்! ஈசானியத்துக்கு நகர்த்த முடியாதா?" என்றார்.

மூன்றாமவர் குடும்பத்தோடு வந்த நேரம் பார்த்துத் தண்ணீர்ப் பாம்பு தலையைத் தூக்கி விருந்தினரைப் பார்த்தது. "அதுக்கு விஷம் கிடையாது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் கார் தெருமுனை திரும்பிவிட்டது.

"மூடிடுங்க சார்," என்றார் புரோக்கர். "மழைநீர் சேகரிப்புன்னு மாத்திடுங்க. 2003-லயே எல்லா வீட்டுக்கும் கட்டாயம்னு சொல்லிட்டாங்க. உங்க வீட்ல இருக்கா?"

இல்லை. மழைநீர் பூமிக்குள் இறங்கிவிடாதபடி தார்ப்பாய் போட்டுக் காவல் காத்தவன் நான்.

கப்பிகள் அந்நிய மீன், ஏரியில் விடக்கூடாது. எதிர்வீட்டுப் பையனின் தொட்டிக்குப் போயின. பாம்பு தானாகவே காலி செய்தது. தவளைகளைப் பெயிண்ட் வாளியில் பிடித்து, மூடியில் ஓட்டை போட்டு, ஸ்கூட்டரில் ஏரிக்குக் கிளம்பினோம். சிக்னலில் வாளி கத்தியது. பக்கத்து பைக்காரர் என் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சிக்னலைப் பார்த்தேன்.

பிறகு தார்ப்பாயைக் கிழித்து, அடியில் கருங்கல், அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேல் மணல் என்று நிரப்பி, மாடிக் குழாயைத் திருப்பிவிட்டோம். ஒரே மாதத்தில் வீடு விலைபோனது.

பத்திர எழுத்தர் மூச்சு விடாமல் வாசித்தார்: "நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம்..."

"பாஷாணமா? நாங்க ஏன் விஷத்தை விக்கணும்?" என்றாள் மனைவி.

"அந்தக் காலத்து வார்த்தைம்மா. கல்லுன்னு அர்த்தம். மண்ணுல இருக்கிற தண்ணி, மரம், கல்லு எல்லாத்தையும் சேர்த்துத்தான் விக்கிறீங்க."

அவள் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுத்தரிடம் சொன்னாள்:

"ஜலத்தை அடிச்சிடுங்க. பாஷாணம் ரெண்டு லோடுன்னு போட்டுக்குங்க."